மந்திக்குப் போட்ட மாலை

ஜனவரி 2

தீவனக் கடை நாச்சிமுத்து புது வருடத்துக்கென்று இந்த டைரியைக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் அடியில் ஒரு கறவை மாடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. முப்பது வருடமாக மாட்டுக்கு ஊசி போடுகிறேன், ஒன்றுகூட என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

"டைரி எதுக்குங்? என்னையப் பத்திப் புகார் எழுதவா?" என்றாள் சாந்தாமணி. இந்த ஒரு டைரி போதாது என்றேன். காப்பியை ஆற்றாமல் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

முதல் பக்கத்தில் சொந்த விவரம் கேட்கிறார்கள். சென்னியப்பன், கால்நடை ஆய்வாளர், மூங்கில்பள்ளம். ரத்த அழுத்தம் உண்டு. மனைவி ஒருத்தி. குழந்தைகள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஜனவரி 5

ஐப்பசியிலும் மழை இல்லை, கார்த்திகையிலும் இல்லை. ஊரில் பச்சை என்று சொல்ல எங்கள் வீட்டுப் பப்பாளி மரமும் பால் சொசைட்டி போர்டும்தான் மிச்சம். எல்லா மாடும் காட்டுக்குள் போகிறது. முன்பு ஓடைப் பள்ளத்தோடு திரும்பியவை இப்போது மலையடி வரை போய், பொழுது சாய்ந்துதான் வருகின்றன. வரும்போது உடம்பு முழுக்க உண்ணி. காதுக்குள், மடிக்கு மேலே, வாலடியில். இன்று ஒரு கிடாரியின் காதில் மட்டும் ஒரு கை நிறையப் பிடுங்கினேன். உண்ணி மருந்து தீர்ந்துவிட்டது. வேப்பெண்ணெய் தடவச் சொல்லி அனுப்பினேன்.

மாடு காட்டுக்குள் போக, காட்டில் இருப்பவை ஊருக்குள் வருகின்றன. கருமூஞ்சி மந்திக் கூட்டம் ஒன்று மார்கழி பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கூரையில்தான் குடித்தனம். சாந்தா தினமும் காலையில் பப்பாளியும் முருங்கைக் கீரையும் வைக்கிறாள். ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். "உங்க மாடு தின்னா தீனி, எங்க அனுமாரு தின்னா ஆகாதா?" என்கிறாள். அதில் ஒரு கிழட்டுப் பெண் மந்திக்குப் பின்னங்கால் வளைந்திருக்கும். அதற்கு நொண்டிச்சி என்று பெயர் வைத்திருக்கிறாள். அது சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே அதனிடம் பேசுவாள். என்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9

நொண்டிச்சி பப்பாளியைத் தொடவில்லையாம். கோயிலில் சுண்டல் தின்றிருக்கும் என்றேன்.

ஜனவரி 12

காலையில் சாந்தா கத்திய சத்தம் கேட்டு, பல் துலக்கிக்கொண்டிருந்த வாயோடு ஓடினேன். வீட்டுக்குப் பின்னால், காட்டோரப் புளியமரத்தடியில் நொண்டிச்சி கிடந்தது. அதன் தலை இவள் மடியில் இருந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. மூக்கோரம் ஒரு சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது.

காட்டு உயிர் செத்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து, டாக்டர் வந்து, அறுத்துப் பார்த்து எரிப்பார்கள். இது எனக்குத் தெரியாததல்ல. செல்போனைக் கையில் எடுத்தேன்.

"வந்து அறுப்பாங்களா?"

"அறுப்பாங்க."

"வேண்டாங்," என்றாள். அவ்வளவுதான். அழுதிருந்தால்கூட அதட்டியிருப்பேன். அழவில்லை.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. அனுமார் செத்தால் மூங்கில்பள்ளத்தில் மனிதருக்குச் செய்வது போலவே செய்வார்கள். பல்லைப் பார்த்தேன், தேய்ந்திருந்தது. "வயசாயிருச்சு. பனி தாங்கல," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். மாட்டு டாக்டரே சொல்லிவிட்டார் என்று (நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும்) வேலையைத் தொடங்கினார்கள்.

பால் சொசைட்டி செயலாளர் கிட்டுசாமி, எங்கள் பக்கத்து வீடு, சாந்தாவை அக்கா அக்கா என்பவன், மேளத்துக்குச் சொல்லிவிட்டு மூங்கில் வெட்டிப் பாடை கட்டினான். பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டினார்கள். அதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது. கை, கழுத்தெல்லாம் ஏதோ ஊர்வதாகத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். மாலையிலிருந்து வந்த எறும்பு என்றாள் ஒருத்தி. செவ்வந்தி மாலை, நெற்றியில் செந்தூரம், வாயில் பால். கிட்டுசாமி முன்பக்கம் தோள் கொடுத்தான். ராமா ராமா என்று ஊரைச் சுற்றி வந்து, புளியமரத்தடியிலேயே உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்தார்கள். முதல் கைப்பிடி மண் சாந்தா போட்டாள்.

நான் பின்னால் நடந்தேன். வெயில் அதிகம்.

ஜனவரி 15

மாட்டுப் பொங்கல். கொம்புக்கு வர்ணம் அடிக்க ஆள் இல்லாமல் நானே அடித்தேன். பச்சை அடிக்கச் சொன்ன இடத்தில் சிவப்பு அடித்துவிட்டேன் என்று சாந்தாவுக்குக் கோபம்.

புளியமரத்தடியில் நேற்று பால் ஊற்றினார்கள். இவள் இனி தினமும் ஊற்றுவாளாம். புதைத்த மேட்டைச் சாணியால் மெழுகி, சருகைக் கூட்டி ஒரு ஓரமாக ஒதுக்கியிருக்கிறாள். வெறுங்காலோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். சாப்பிடக் கூப்பிடப் போனபோது அவள் பின்கழுத்தில் கறுப்பாக ஒன்று. எள்ளில் பாதி இருக்கும். பிடுங்கி நகத்தில் வைத்து நசுக்கினேன். "என்னங்?" என்றாள். அழுக்கு என்றேன்.

ஜனவரி 18

கிட்டுசாமிக்குக் காய்ச்சல். நெற்றி பிளக்கிறது, இடுப்பு கழன்று விழுகிறது என்கிறான். பாலை அளக்க வரவில்லை. டவுன் கிளினிக்கில் டைபாய்டு என்று மருந்து கொடுத்திருக்கிறார்களாம்.

ஜனவரி 21

கால்நடைக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். பெனாசிர் என்று பெயர். முப்பது வயதிருக்கும். பேண்ட்டைக் காலுறைக்குள் சொருகிக்கொண்டு, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, இந்த வெயிலில் வந்து இறங்கியதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

மலைக்கு அந்தப் பக்கம் குரங்குக் காய்ச்சல் வந்திருக்கிறதாம். உண்ணி கடித்துப் பரவுவது. காட்டில் எலியிலும் மூஞ்சூறிலும் பேசாமல் கிடக்கும் கிருமி, உண்ணி வழியாக மந்திக்குப் போனால் மந்தி செத்துவிடும். "மாடு நோயைக் கொண்டு வர்றதில்ல சார். உண்ணியைக் கொண்டு வருது," என்றார். பெரிய உண்ணி மாட்டின் ரத்தத்தைக் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சருகுக்குள் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். மழை இல்லாத வருடம் மாடும் மந்தியும் மனிதரும் ஒரே மர நிழலில் வந்து நிற்கிறார்கள். குஞ்சு உண்ணிக்கு யார் என்ன என்று தெரியாது.

"மந்தி செத்ததும்தான் சார் ஆபத்து. உடம்புல சூடு போனதும் உண்ணிக்கு அங்க வேலை இல்ல. மொத்தமா இறங்கிடும். பக்கத்துல எது சூடா இருக்கோ அதுல ஏறும்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. குடியுங்கள் என்றேன்.

"இந்தப் பக்கம் மந்தி எதாவது செத்துச்சா சார்?"

இல்லை என்றேன்.

நல்ல பெண். நன்றி சொல்லிவிட்டு, உண்ணி அண்டாமல் இருக்கத் தடவும் எண்ணெய் இரண்டு பாட்டில் கொடுத்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போனார். எனக்கு இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. மேலும் கிட்டுசாமிக்கு டைபாய்டு என்று கிளினிக்கிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து சாந்தாவை எண்ணெய் தடவச் சொன்னேன். நாற்றம் என்றாள். புளியமரத்தடிக்குப் போகாதே என்றேன். "ஏனுங்?" என்றாள். சொன்னால் கேள் என்றேன். அப்படிச் சொன்னால் அவள் எந்தக் காலத்தில் கேட்டாள்?

ஜனவரி 24

சாந்தாவுக்குத் தலைவலி. பனியில் உட்கார்ந்ததுதான். சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நானே போட்டேன்.

ஜனவரி 26

சாந்தாவுக்கு நேற்று வந்த காய்ச்சல் இறங்கவில்லை. கண் சிவந்திருக்கிறது.

ஜனவரி 28

இன்று காலை சாந்தா பல் துலக்கியபோது ஈறிலிருந்து ரத்தம். எழுந்து நிற்க முடியவில்லை. தொட்டாலே வலி என்கிறாள். வேன் பிடித்துக் கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வழியெல்லாம் ஒரே கேள்வி: மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது? நாச்சிமுத்து பார்த்துக்கொள்வார் என்றேன். அவருக்குத் தீவனம் விற்கத்தான் தெரியும் என்றாள்.

வார்டு டாக்டர் சின்னப் பையன். காட்டுப் பக்கமா, உண்ணி கடித்ததா, குரங்கு செத்ததா என்று கேட்டார். சாந்தா என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கேள்வியின் பொருள் புரியவில்லை, நான் பதில் சொல்வேன் என்று பார்த்தாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரி 29

கிட்டுசாமி காலையில் போய்விட்டான். வாயிலும் மூக்கிலும் ரத்தம் நிற்கவில்லையாம். முப்பத்தெட்டு வயது. இரண்டு பால் கேனை இரண்டு கையில் தூக்கிக்கொண்டு பேசிக்கொண்டே நடப்பவன்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்று பெனாசிருக்கு போன் செய்தேன். "மந்தி செத்துச்சுங்க மேடம். பன்னெண்டாம் தேதி. எங்கூட்டுக்குப் பின்னால. மூக்குல ரத்தம் இருந்துச்சு. நான் பார்த்தேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எத்தனை பேர் தொட்டாங்க சார்?"

"ஊரே தொட்டுச்சுங்க."

பிறகு வார்டுக்குப் போய் அந்தச் சின்னப் பையன் டாக்டரிடமும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சாந்தா மயக்கத்தில் இருந்தாள்.

ஜனவரி 31

பெனாசிர் ஆட்களோடு மூங்கில்பள்ளத்துக்கு வந்தார். நானும் ஒரு பகல் ஊருக்கு வந்தேன். குழியைத் தோண்டவில்லை. இத்தனை நாளுக்கப்புறம் அதில் ஒன்றும் தெரியாது என்றார். அதற்குப் பதிலாக, ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டி, புளியமரத்தடிச் சருகின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். சாந்தா கூட்டி ஒதுக்கி வைத்த அதே சருகு. ஒரு சுற்று வந்து துணியைத் திருப்பிக் காட்டினார்.

எள் இறைத்த மாதிரி இருந்தது. எள் நகர்ந்துகொண்டிருந்தது.

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பின்னால் போனார்கள். நான் போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்தை அடையாளம் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அகல் விளக்கு இன்னும் இருந்தது.

பிப்ரவரி 3

சோதனை முடிவு வந்துவிட்டது. கிட்டுசாமிக்கு இருந்தது குரங்குக் காய்ச்சல்தான். சாந்தாவுக்கும் அதுதான். துணியில் ஒட்டிய உண்ணியிலும் அதுதான். ஊரில் இன்னும் நான்கு பேர் காய்ச்சலில்.

மந்தி செத்ததை மறைத்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. மடித்துப் பையில் வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7

காய்ச்சல் விட்டுவிட்டது! வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன். பாதியாக இளைத்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து நான்தான் தூக்கி இறக்கினேன். ஊர் பார்க்கிறது, விடுங்க என்று அதட்டினாள். அந்த அதட்டலைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று அவளுக்குத் தெரியாது.

ஜன்னல் வழியாகப் புளியமரத்தடியைப் பார்த்தாள். உண்ணி சாக வெள்ளைப் பொடி கொட்டி வைத்திருக்கிறார்கள்.

"யாருங் எங்க அனுமாருக்குச் சுண்ணாம்பு அடிச்சது?"

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உண்ணி, மாடு, எலி, சருகு, சூடு போன உடம்பு. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டாள். பன்னிரண்டாம் தேதி எனக்கு என்ன தெரியும், இருபத்தொன்றாம் தேதி என்ன சொன்னேன், இந்த இரண்டும் பேச்சில் வரவில்லை.

இன்னும் இரண்டு வாரத்துக்குக் கவனமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குத் திரும்பி வருமாம். சிலருக்குத்தான்.

பிப்ரவரி 9

கிட்டுசாமியின் பெண்டாட்டி வந்து சாந்தாவின் காலடியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாள். அவள் போனதும் சாந்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

"நாந்தானுங்களே கிட்டுவைக் கூப்பிட்டு விட்டேன். நீங்க போன் பண்ணப் போனீங்க. நாந்தான் வேண்டாம்னேன். அவனைக் கொன்னது நாந்தானுங்."

கன்றை அவிழ்த்துவிட வேண்டும் என்று சொல்லி எழுந்து போனேன். கன்று அவிழ்ந்துதான் இருந்தது. கட்டிவிட்டு, மறுபடி அவிழ்த்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 13

மாத்திரையை வாங்கும்போது கை நடுங்கியது. தம்ளர் விழுந்தது. "தலைய யாரோ உள்ளருந்து இடிக்கறாங்க," என்றாள். பிற்பகலில் என்னைக் கிட்டு என்று கூப்பிட்டாள். வேனுக்குச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 14

அதே வார்டு, வேறு கட்டில். மூளைக்குப் போயிருக்கிறது என்கிறார்கள். நடுவில் தெளிகிறது. தெளியும்போது மாட்டைக் கேட்கிறாள்.

பிப்ரவரி 16

ஆஸ்பத்திரியில் இட்லி வாங்க வரிசையில் நின்றபோது தொட்டிக்கல்லிலிருந்து போன். மூங்கில்பள்ளத்துக்கு மேலே கடைசி ஊர் அது. கோயில் அரசமரத்தடியில் ஒரு மந்தி செத்துக் கிடக்கிறது, மேளம் சொல்லியாகிவிட்டது, குளிப்பாட்டப் பொங்கியம்மாள் மஞ்சள் அரைத்துக்கொண்டிருக்கிறாள். வார்டுக்கு வந்து பெனாசிருக்குப் போனில் சொன்னேன். "நான் வர மதியம் ஆகிடும் சார். யாரும் தொடாம பார்த்துக்க முடியுமா?" என்றார். எப்படி முடியும்? இவளை விட்டுவிட்டு எப்படிப் போவேன்?

சாந்தா தெளிவாக இருந்தாள். பேச்சைக் கேட்டுவிட்டாள்.

"போங்."

"நீ..."

"நா எங்க போயிருவேன்? போங்."

நான் போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டி முடித்திருந்தார்கள். மந்தி ஆண், நல்ல வாலிபம். அதன் பக்கத்தில் செம்போடு பொங்கியம்மாள் உட்காரப் போனாள். அறுபது வயது, ஊரில் எந்தச் சாவென்றாலும் குளிப்பாட்டும் கை அவளுடையது. குறுக்கே போய் நின்றேன். தொடாதீர்கள் என்றேன். எரிக்க வேண்டும் என்றேன்.

"ஏஞ் சாமி, உங்கூட்டு அனுமாருக்கு மேளமும் மாலையும், எங்கூரு அனுமாருக்கு மண்ணெண்ணெயா?"

கூட்டம் ஆமாம் என்றது. நியாயமான கேள்வி. உண்ணியைப் பற்றி எடுத்துச் சொன்னேன், ஒருத்தரும் கேட்கவில்லை. ஒருவன் என் தோளைப் பிடித்துத் தள்ளினான். அப்போது வாயில் வந்ததைச் சொன்னேன். எங்கள் வீட்டு மந்தி மூக்கில் ரத்தத்தோடு கிடந்தது. வயசாகிவிட்டது என்று நான் சொன்னது புளுகு, எதனால் செத்தது என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டு வந்த டாக்டரம்மாவிடம் எங்கள் ஊரில் மந்தியே சாகவில்லை என்றேன். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் கிட்டுசாமிக்குச் சரியான வைத்தியமாவது கிடைத்திருக்கும். "முன்னால தோள் கொடுத்தவன் செத்துட்டான். மடியில வெச்சிருந்தவ ஆஸ்பத்திரியில கெடக்கறா. நான் மேளத்துக்குப் பின்னால நடந்து வந்தனுங்க. எனக்கு ஒண்ணும் ஆகல."

பொங்கியம்மாள் செம்பைக் கீழே வைத்தாள்.

பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். மேளம் அடிக்கலாம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று. கற்பூரம் கொளுத்தலாம், அங்கிருந்தே. மாலையையும் அங்கேயே வைத்துக் கும்பிடலாம். கிட்டே யாரும் வரக் கூடாது. பெனாசிர் வந்து, உடம்பெல்லாம் மூடிய உடுப்போடு போய்ச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். அதே மாதிரி ஒரு உடுப்பை எனக்கும் மாட்டிவிட்டார்கள். வெள்ளைப் பொடி வாளியோடு நான்தான் மந்தியைச் சுற்றி வந்தேன். ஒரு சுற்றுப் போதும். மூன்று சுற்று வந்திருக்கிறேன் என்று பிறகுதான் கவனித்தேன். விறகு அடுக்கி, நானே நெருப்பு வைத்தேன்.

அடங்கும் வரை மேளம் அடித்தார்கள்.

பிப்ரவரி 17

காலையில் வார்டுக்குள் நுழையும்போதே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ச் சேருவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

"தொட்டிக்கல்லுல ஊரைக் கூட்டி எல்லாத்தையும் சொன்னீங்களாமா."

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா என்னங். எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம். கிட்டுவை நாந்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்."

தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருக்கலாம். இருபத்தாறு வருடத்தில் திட்டாமல் விட்டது இதை மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து, "அதுக்குப் பூ வெச்சீங்களா?" என்றாள்.

வைக்கவில்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "வெச்சேன்," என்றேன். "கழுத்துல மாலையே போட்டேன்."

எழுந்தே விட்டாள். "கிட்டப் போயிப் போட்டீங்களா? ஊருக்கெல்லாம் தொடாதேன்னு சொல்லிப்போட்டு நீங்க தொட்டீங்களா? உங்களுக்கு ஏதாச்சும் அறிவிருக்குதாங்? கையைக் காட்டுங், கழுத்தைக் காட்டுங்!" சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, நடுங்குகிற விரலால் என் பின்கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

"இல்ல சாந்தா. பொய். வெக்கல. வெறுங்கையால தொடவே இல்ல. முழுசா மூடின உடுப்புப் போட்டிருந்தேன்."

"நெசமாலுமா?"

"நெசமாலும்."

"ஒரு பூக்கூட வெக்கலியே?"

"ஒண்ணுகூட வெக்கல."

"அப்பச் சரிங்," என்று படுத்துக்கொண்டாள். கை மட்டும் என் காலரிலேயே இருந்தது. தூங்கிவிட்டாள் என்று நினைத்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரி 19

மதியம். சாந்தா போய்விட்டாள்.

பிப்ரவரி 20

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதுகிறேன்.

வீட்டு வாசலில் கிடத்தியிருந்தோம். ஊர் முழுக்க வந்திருந்தது. ஆனால் எல்லாரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவள் சீர் செய்த பெண்கள், அவள் கையால் சாப்பிட்டவர்கள், கிட்டுசாமி பெண்டாட்டி, எல்லாரும். கையில் மாலை வைத்துக்கொண்டு, மேளத்துக்குப் பக்கத்தில், நான் தொட்டிக்கல்லில் நிற்கச் சொன்ன அதே தூரத்தில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தொடாதே, கிட்டே போகாதே என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்திருக்கிறோம்.

வாசலுக்கு நடுவில் போய் நின்று சொன்னேன். இது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாது. உண்ணி கடித்தால்தான் வரும். இவள் உடம்பில் உண்ணி இல்லை, ஆஸ்பத்திரியில் பார்த்துச் சுத்தம் செய்துதான் கொடுத்திருக்கிறார்கள். கிட்டே வரலாம். பயமில்லை.

ஒருவரும் அசையவில்லை. மந்தி சாகவில்லை என்று சொன்ன வாய்தானே இது.

"கிட்ட வாங்க," என்றேன். "அவளைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க." இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், அழுதேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு ஆள் விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. பொங்கியம்மாள். தொட்டிக்கல்லிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கையில் அன்றைக்குக் கீழே வைத்த அதே செம்பு. ரோட்டைத் தாண்டினாள். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டாள். என்னைப் பார்த்து, "இன்னைக்குத் தொடலாமா சாமி?" என்று கேட்டாள்.

"தொடலாங்க."

சாந்தாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் பூசினாள். காதுக்குப் பின்னால், கழுத்தில், விரலிடுக்கில் எல்லாம் ஒரு அவசரமும் இல்லாமல் பூசினாள். பிறகு திரும்பி, "பூவக் கொண்டாங்கடி, என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று ரோட்டைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

முதலில் கிட்டுசாமி பெண்டாட்டி வந்தாள். பிறகு எல்லாரும் வந்தார்கள்.

பிப்ரவரி 25

மெமோவுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

காலையில் மந்திகள் வந்தன. கூரையில் உட்கார்ந்து சமையலறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு குட்டி கீழே இறங்கி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தது. பப்பாளி பழுத்துக் கிடக்கிறது, பறிக்க ஆள் இல்லை. தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தேன். போகவில்லை. கல்லை எடுத்தேன். கூரை விட்டு, புளியமரம் விட்டு, பள்ளம் தாண்டிக் காட்டுக்குள் போகும் வரை விரட்டினேன். அந்தக் குட்டி இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டு தடவையும் விரட்டினேன்.

சாந்தா இருந்திருந்தால் பகல் முழுக்க என்னோடு பேசியிருக்க மாட்டாள். சாயங்காலம் காப்பியை ஆற்றாமல் நங்கென்று வைத்துவிட்டு, "அப்பச் சரிங்," என்று சொல்லியிருப்பாள்.

நாளைக்குப் பப்பாளி மரத்தை வெட்ட ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.